மேலே நெல், கீழே பிள்ளைகள்

எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கேமரா ஒன்று வந்திருக்கிறது. கூரையை நோக்கிப் பிடித்தால் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் திரையில் தெரிகிறது. என் பழைய நோட்டுகளை ஒப்படைக்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் பெண் அதை என் கையில் கொடுத்தாள்.

“இது இல்லாதப்ப எப்படிக்கா சூடு பாத்தீங்க?” என்றாள்.

“செருப்பைக் கழட்டிட்டு நிப்போம்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அப்ப அதை எழுதிக் குடுங்கக்கா. நாங்க தெரிஞ்சுக்க வேணாமா?” என்றாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இருபத்தைந்து வருடத்தில் கூட்டங்களில் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

பத்தாவது முடித்துவிட்டு, பதினெட்டு வயதில் தஞ்சாவூரில் சித்தாள் வேலைக்குப் போனேன். செங்கல் சுமந்தேன், கலவை தூக்கினேன். ஒரு கொத்தனாருக்குக் கண் மங்கல். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். அப்படித்தான் மட்டம் பார்க்கவும், தூக்குக்குண்டு விடவும், அளவெடுத்து எழுதவும் கற்றுக்கொண்டேன். முப்பது வயதுக்குப் பிறகு ஜமால் சார் அலுவலகத்தில் சேர்ந்தேன். புதுக் கட்டடம் கட்டுகிற அலுவலகம் இல்லை அது. இருக்கிற கட்டடத்தை இடிக்காமல், சூடும் கரண்ட் செலவும் குறைகிற மாதிரியும், ஊர் ஜனங்கள் வந்து புழங்குகிற மாதிரியும் மாற்றித் தருவதுதான் வேலை. பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக்கூடம், ரேஷன் கடை என்று டெல்டா முழுக்கச் சுற்றினோம். இப்போது எனக்கு ஐம்பத்தாறு. முழங்கால் ஏணியில் ஏற விடவில்லை. அதனால் நின்றுவிட்டேன்.

ஜமால் சாருக்கு நாகூர். சித்தாளைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதிக நேரம் துடைத்தால் அதிகக் கோபம் என்று அர்த்தம்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதல் பழக்கம், எந்தக் கட்டடமானாலும் பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் வெறுங்காலில் நிற்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எந்த எண்ணில் காலைத் தூக்குகிறோமோ அதை அவரவர் பெயருக்கு நேரே எழுத வேண்டும். அவர் ஆறு எண்ணுவதற்குள் குதித்துவிடுவார். நான் இருபதுவரை நிற்பேன்.

“உங்க காலை நம்பி டிசைன் போட்டா ஊரே வெந்துடும்மா” என்பார். அதனால் என் எண்ணில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது பழக்கம், கட்டடத்துக்குள் ஒரு முழு நாள் சும்மா உட்கார்ந்திருப்பது. யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. இந்த வேலை எனக்கு வந்தது. பேசாமல் உட்கார எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாராசுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இதனாலேயே ஒரு காரியம் நடந்தது. தலைமையாசிரியர் வகுப்பறைக்கு ஏசி வேண்டும் என்றார். நான் ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கு மூலைக்கு நகர்வது சாக்பீஸ் குறியில் தெரிந்தது. போய் அண்ணாந்து பார்த்தேன். அந்த மூலையில் மட்டும், கூரைக்குக் கீழே இருக்கும் காற்றுத்துளை திறந்திருந்தது. மற்ற பதினொரு துளைகளையும் புறாவுக்குப் பயந்து எப்போதோ வைக்கோலும் செய்தித்தாளும் வைத்து அடைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வலை அடித்தோம். அதன்பிறகு தலைமையாசிரியர் ஏசி பேச்சை எடுக்கவில்லை.

இப்படியே எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்ததால்தானோ என்னவோ, வெண்ணாற்றங்கரை ஊரில் நான் தப்புச் செய்தேன்.

அங்கே ஒற்றைத் தளச் சமுதாயக்கூடம் ஒன்று உண்டு. கான்கிரீட் கூரை, வெளிப்பக்கம் படிக்கட்டு. உள்ளே பால்வாடி நடந்தது. டீச்சர் பெயர் ஸ்டெல்லா. வெயில் காலத்தில் பதினோரு மணிக்கே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும், மதியச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. சோதனைக்கு வந்த அதிகாரி, வருகிற சித்திரைக்குள் கூடத்தைச் சரிசெய்யாவிட்டால் பால்வாடியை அடுத்த ஊர்க் கட்டடத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஊர் என்றால் லாரி பறக்கும் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் காலையில் நடவுக்கோ களையெடுக்கவோ போகிறவர்கள். பிள்ளையை ரோடு தாண்டி விட்டுவரவும் மதியம் கூட்டிவரவும் அவர்களால் முடியாது. பால்வாடி போனால் ஒன்று பிள்ளை வரப்பில் கிடக்கும், இல்லை தாய் வீட்டில் கிடப்பாள்.

நாங்கள் கட்டடம் பார்க்கப் போனது கார்த்திகை மாதம். அடைமழை. மாடியில் பாசிதான் இருந்தது. வெறுங்காலில் நிற்க என்ன சூடு இருக்கப்போகிறது? அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். ஊர்க்கூட்டம் போட்டோம். பெண்கள் சம்பாவுக்குக் களையெடுக்கப் போய்விட்டார்கள், நாற்காலியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “மாடியை யாராவது புழங்குறாங்களா?” என்று ஜமால் சார் கேட்டார். “அது சும்மாதான் சார் கெடக்கு” என்றார் ஒரு பெரியவர். நான் நோட்டில் எழுதினேன்: ‘மாடி: பயன்பாடு இல்லை.’

எழுதிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுக்கு அடியில் ஒன்று என் கண்ணில் பட்டது. நீளக் கம்பு மாட்டிய பலகை. நெல்லைப் பரப்பவும் தள்ளவும் வைத்திருப்பது. களத்தில் இருக்க வேண்டியது இங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் வாயைத் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். கேட்கவில்லை.

தை பிறந்ததும் கூரைக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்தோம். ஜன்னல்களை உயர்த்தி, காற்றுத்துளை திறந்து, வாசலில் தாய்மார்கள் உட்காரச் சிமெண்ட் பெஞ்சும் கட்டினோம். பூச்சு நன்றாக வேலை செய்தது. ஸ்டெல்லா டீச்சர் போன் செய்து, “புள்ளைங்க தூங்குதுங்க மேடம்” என்றார். என்னை மேடம் என்று அழைத்த ஒரே ஆள் அவர்தான். ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே நடந்தேன்.

மாசியில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை டீச்சர் அழுதார். கூடம் பழையபடி கொதிக்கிறதாம்.

நானும் ஜமால் சாரும் போய் இறங்கினோம். மாடிக்கு ஏறினால், நாங்கள் அடித்த வெள்ளைப் பூச்சு எங்குமே தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் முதல் கைப்பிடிச் சுவர் வரை கறுப்புத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. எட்டுப் பத்துப் பெண்கள் காலால் நெல்லைத் துழாவியபடி வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். பெயர் தமயந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். நெல் அவித்துப் புழுங்கலரிசியாக்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி.

“வாங்க, வாங்க. எங்க கூரைக்குப் பவுடர் பூசிவிட்டது நீங்கதானா?”

ஜமால் சார் வணக்கம் சொன்னார். “தார்ப்பாய் போட்டா உள்ள சூடு இறங்கும்மா.”

“போடலைன்னா நெல்லு காயாது சார். முன்னாடி ரெண்டு நாள் வெயில்ல காஞ்ச நெல்லு, நீங்க பூசுன பெறகு நாலு வெயில் கேக்குது. மேல காயுது, அடி ஈரமாவே கெடக்கு. புளிச்ச வாடை வந்துடுச்சு. கடைக்காரன் மோந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டான். பத்து வீட்டு அடுப்பு இது.”

கீழேயிருந்து ஸ்டெல்லா டீச்சர் ஏறி வந்தார். “ஒன் நெல்லு காயறதுக்கு எங்க புள்ளைங்க வேகணுமா தமயந்தி?”

“ஒங்க புள்ளைங்கள்ல என் மவனும் ஒருத்தன் டீச்சர். எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா? அவனுக்குத் திங்க வேண்டியதுதான் இங்க காயுது.”

“பூச்சு அடிக்கறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் ஜமால் சார்.

“வெள்ளையா இருந்தா நெல்லு சுத்தமா இருக்கும்னு நெனச்சோம். சூட்டையே வழிச்சுக்கிட்டுப் போவும்னு யாருக்குத் தெரியும்? எங்ககிட்ட யார் கேட்டா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். அது என்மேல் கோபம் என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறும்போது நோட்டைத் திறந்து, ‘பயன்பாடு இல்லை’ என்று நான் எழுதியிருந்த வரியை அவரிடம் காட்டினேன். அன்று நெல் தள்ளும் பலகையைப் பார்த்ததையும், கேட்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் தன் பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே, ‘ரெண்டு மணிக்கு மாடியில் நிற்கவில்லை - ஜமால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு பேர் தப்பும்மா. நீங்க நாளையிலேருந்து மாடியில உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். நாலு நாள். முதல் நாள் தமயந்தி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது நாள், “சும்மா உக்காந்திருக்கறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்? வந்து துழாவுங்க” என்றாள். போய் அவர்களோடு சேர்ந்து நடந்தேன். குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்பினால் நெல் இரண்டு பக்கமும் சால்போல ஒதுங்கும். காய்ந்துவிட்டதா என்று ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் கடித்துப் பார்ப்பார்கள். நசுங்கினால் ஈரம். ‘டிக்’ என்று முறிந்தால் பதம். தூளாகிப் போனால் அதிகம் காய்ந்துவிட்டது, அரைத்தால் குருணையாகும். நான் கடித்துச் சொன்னதெல்லாம் தப்பாகவே இருந்தது. அவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

நாலாவது நாள் இரண்டு மணி. மாடியின் ஓரத்தில், துணி துவைக்கும் இடம் கட்டியபோது மிஞ்சிய கடப்பாக்கல் பலகை ஒன்று, நாலு செங்கல் மேல் கிடந்தது. அதன்மேலும் கொஞ்சம் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். கல்லில் கைவைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு. அப்போதுதான் கல்லுக்கு அடியில் ஒரு பூனையைப் பார்த்தேன். நாலு காலையும் நீட்டி, வயிற்றைத் தரையோடு ஒட்டி, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மேலே கைவைக்க முடியவில்லை. ஒரு சாண் கீழே பூனை தூங்குகிறது.

போனில் சாரிடம் சொன்னபோது சொற்கள் முன்பின்னாக வந்தன. “சார், பூனை... கல்லு... கல்லுக்கு அடியில...” என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் மறுநாள் மதியம் வந்தார். மாடியில் குப்புறப் படுத்து, கல்லுக்கு அடியில் முழங்கை வரை கையை விட்டார். பூனை ஓடிவிட்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“சாருக்கு என்ன ஆச்சு?” என்றாள் தமயந்தி.

படுத்தபடியே அவர் சொன்னார்: “மேல உங்களுக்கு ஒரு கூரை. கீழ பிள்ளைங்களுக்கு ஒரு கூரை. நடுவுல காத்து.”

திட்டம் அதுதான். பூசிய வெள்ளை அப்படியே கீழே இருக்கும். அதன்மேல் வரிசையாகச் செங்கல் வைத்து, மாடி முழுக்கக் கடப்பாக்கல் பரப்ப வேண்டும். கறுப்புக் கல் வெயிலை வாங்கி நெல்லைக் காய வைக்கும். அதே கல் கூரைக்கு நிழலாகவும் நிற்கும். தெற்கும் வடக்கும் திறந்திருந்தால் நடுவில் காற்று ஓடும். எலி புகாமல் கோழிவலை அடித்துவிடலாம்.

ஆனால் கூரை தாங்குமா என்பது பெரிய கேள்வி. கல்லின் எடை, ஈர நெல்லின் எடை, நடக்கும் பெண்களின் எடை. அது பழைய கட்டடம். ஜமால் சார் இரண்டு நாள் கணக்குப் போட்டார். நாங்கள் வருவதற்குப் பல வருடம் முன்னால் யாரோ ஒழுகலை நிறுத்துவதாகச் சொல்லிக் கூரைமேல் கனமாகச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். அதை எடுத்தால்தான் கல்லின் எடைக்கு இடம் கிடைக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால், அதன்மேல் நாங்கள் அடித்த வெள்ளைப் பூச்சும் போகும்.

சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்து எங்கள் வேலையை நாங்களே கொத்தி எடுத்தோம். “பூசறதும் நீங்களே, கொத்தறதும் நீங்களே. நல்ல பொழப்பு” என்று சொல்லிவிட்டுத் தமயந்தி சிமெண்ட் சில்லுகளைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மூன்று நாளில் கூரை சுத்தமானது. வெடிப்பை அடைத்து, மறுபடி வெள்ளை அடித்தோம்.

பிறகு எடைச் சோதனை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இப்போது இருக்கிறவர்கள் இதைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

கூடத்தைக் காலி செய்து பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினோம். உள்ளே மூன்று இடத்தில் இரும்பு முட்டு நிறுத்தினோம். முட்டு கூரையைத் தொடக் கூடாது. ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். கூரை பயங்கரமாக இறங்கினால் மட்டும் அது தாங்கும். கூரையின் நடுவிலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஆணி கட்டி, பக்கத்தில் தரையிலிருந்து ஒரு பலகை நிறுத்தினோம். ஆணி நுனி எங்கே நிற்கிறதோ அங்கே நான் பென்சிலால் கோடு போட்டேன். கூரை ஒரு நூல் இறங்கினாலும் ஆணி காட்டிவிடும்.

எடைக்கு மணல் மூட்டை கொண்டுவர நினைத்திருந்தோம். “நெல்லு மூட்டை வீட்டுக்கு வீடு கெடக்கு, மணலுக்கு எங்க போறீங்க?” என்றார்கள். அறுவடை முடிந்த நேரம். ஊரே மூட்டை தூக்கியது. சமுதாயக்கூடத்துக்கு வரி தவிர வேறெதுவும் கொடுத்திராத ஊர் அது. அன்றைக்கு வாசலிலிருந்து மாடிவரை ஆண்களும் பெண்களுமாக வரிசை கட்டி நின்றது. கல்லுக்கும் நெல்லுக்கும் ஆட்களுக்கும் ஆகும் எடைக்கு மேல் இன்னும் பாதி எடை ஏற்ற வேண்டும். நாலு மூட்டைக்கு ஒருமுறை சார் கையைத் தூக்குவார், வரிசை நிற்கும். நான் உள்ளே போய் ஆணியைப் பார்த்து வந்து சொல்வேன்.

“கீழ நானும் நீங்களும் மட்டும்தான் போறோம். வேற யாரும் வரக் கூடாது” என்றிருந்தார் சார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்து, “பயமா இருந்தா நீங்க வெளியில நில்லுங்கம்மா” என்றார்.

“கோடு போட்டது நான்தானே சார்” என்றேன்.

கடைசி மூட்டை ஏறியபோது ஆணி என் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அது இறங்கத்தான் செய்யும். கேள்வி அதுவல்ல. ஒரு முழு நாள் எடையை வைத்திருந்து, இறக்கிய பிறகு ஆணி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கூரை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கல்லும் கிடையாது, களமும் கிடையாது. பங்குனி பாதி போய்விட்டது. வேறு வழி யோசிக்க நாளும் இல்லை.

மறுநாள் மூட்டைகளை இறக்கினோம். நான் பலகை முன்னால் உட்கார்ந்தேன். மூட்டை இறங்க இறங்க ஆணி மேலே ஏறியது. கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் வெளிச்சம் குறைவது மட்டும் தெரியும். கடைசி மூட்டை இறங்கியது. சார் என் தோளுக்கு மேல் குனிந்தார். ஆணிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பென்சில் கோட்டின் கனம்கூட மிச்சமில்லை.

“வெளியில போய் நீங்களே சொல்லுங்க” என்றார்.

வாசலில் ஊரே நின்றது. “தாங்கும்” என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு வந்த கைதட்டலும் விசிலும் வெண்ணாற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். தமயந்தி ஓடிவந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். “பேசத் தெரியும்ல? அப்ப கார்த்திகையிலேயே பேசியிருக்கலாம்ல?” என்றாள்.

பங்குனி முடிவதற்குள் மாடி முழுக்கக் கல் பரப்பிவிட்டோம். சித்திரை முதல் வாரம் அந்த அதிகாரி வந்தார். பால்வாடியை மாற்றும் காகிதம் அவர் கைப்பையில் தயாராக இருந்தது. சொல்லி வைத்ததுபோல மணி இரண்டு. ஸ்டெல்லா டீச்சர் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, “மெதுவா சார், புள்ளைங்க தூங்குது” என்றார். பாயில் இருபது பிள்ளைகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உள்ளே வந்து, துடைப்பதை நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேலே சரக் சரக்கென்று சத்தம் கேட்டது.

“என்ன அது?”

“நெல்லு துழாவுறாங்க சார். அவிச்ச நெல்லு. நேத்துப் போட்டது, இன்னிக்கு அள்ளிடுவாங்க.”

“இதுக்கு மேலயா?” என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். எழுந்து மாடிக்குப் போனார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததைப் பாவம் அவர் மறந்துவிட்டார். கறுப்புக் கல்லில் கால் வைத்ததும் அவர் குதித்த குதியைத் தமயந்தி இன்றும் நடித்துக் காட்டுவாள். நான் படிக்கட்டிலிருந்து எண்ணினேன். மூன்று. எங்கள் நோட்டுகளில் இருப்பதிலேயே சிறிய எண் அதுதான். இறங்கி வந்தவர் ஊஃப் ஊஃப் என்று ஊதிக்கொண்டே சிரித்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், நாலாக மடித்தார், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனார். பால்வாடி அங்கேயே இருக்கிறது.

அதன்பிறகு எட்டு ஊர்களில் இப்படி இரண்டு கூரை போட்டோம். ஒவ்வொரு ஊரிலும் முதல் வேலையாக மாடிக்குப் போனோம், அறுவடை நேரத்தில் போனோம், கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறந்தோம். புதுக் கேமரா நல்லதுதான். எங்கே சூடு என்று அது சொல்லிவிடும். அந்தச் சூடு யாருக்காவது வேண்டுமா என்பதை மட்டும் நாம்தான் கேட்க வேண்டும். கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். படியில் இரண்டு ஏறியதும் முழங்கால் நின்றுவிட்டது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். தமயந்தி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். கை நிறைய நெல் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“கடிச்சுச் சொல்லுங்கக்கா.”

ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். “இன்னும் அரை வெயில் வேணும்” என்றேன்.

அவளும் ஒன்றைக் கடித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள்: “அள்ளாதீங்கடி! அக்கா சொல்லிட்டாங்க, இன்னும் அரை வெயில் கெடக்கட்டும்!”